வாங்கிக்கொண்ட ரத்தம்

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது என் மனைவிக்கு வயிற்றில் போட்ட தையல் இன்னும் ஆறியிருக்கவில்லை. இரண்டாவது பிரசவம், ஆபரேஷன் செய்து எடுத்த ஆண் குழந்தை. மூத்தவளுக்கு ஆறு வயது. தம்பி பிறந்த வீட்டில் துள்ளிக்கொண்டிருக்க வேண்டியவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டோம். கால் வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க மணலில் ஓடுகிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டோம். காய்ச்சல் வந்தது, மாத்திரைக்கு அடங்கியது, மறுபடி வந்தது. பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. தொடையிலும் முதுகிலும், எங்கும் இடித்துக்கொள்ளாமலே, நீலம் நீலமாகத் தடங்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு போனாள். நான் குடித்துவிட்டுப் பிள்ளையை அடித்திருக்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு. அப்படி இருந்திருந்தால்கூடத் தேவலை என்று பின்னால் எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன்.

எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது. எங்கே போவதென்றாலும் முதலில் படகு. ஒரு காலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியைக் கடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். மதியவாக்கில் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"வீட்டுக்குத் திரும்பிப் போவாதீங்க. இப்படியே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார்.

"துணிமணி ஒண்ணும் எடுத்தாரல சார்."

"துணி அப்புறம் வாங்கிக்கலாம்."

அவர் அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

சென்னையில் அவளுடைய இடுப்பெலும்பில் ஊசியைச் செலுத்திச் சாறு எடுத்துப் பார்த்தார்கள். அவள் கத்திய கத்தலில் அந்த நீளமான வராந்தாவில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே அது பழகின சத்தம். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். குணப்படுத்தக்கூடிய வகைதான், ஆனால் வைத்தியம் நீளமானது, இரண்டு வருடத்துக்கு மேல் போகும், முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியிருக்கும், நடுவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார். "எதுவும்னா?" என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "எதுவும்தான்," என்றார்.

மனைவிக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கைக்குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாயா, லைன்ல இருக்கியா?" என்று அவள்தான் கேட்டாள். பேசாமல் இருந்தது அவள் என்பது அவளுக்கே தெரியவில்லை. "நான் வரேன். புள்ளய தூக்கிக்கினு வரேன்."

"கைக்கொழந்தைய உள்ள வுட மாட்டாங்க. உனக்கும் தையல் ஆறல."

"அப்போ அவள யாரு பாத்துப்பா?"

"நான்தான்."

"உனக்கு இன்னாயா தெரியும்?" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதினைந்து வயதில் படகேறியவன் நான். பிள்ளைக்கு ஒரு நாள் தலை வாரியது கிடையாது.

அந்த வார்டில் கட்டிலுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு அம்மா. துணைக்கு ஆண்கள் தங்கும் வழக்கம் இல்லை. வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா எங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, கதவோரக் கட்டிலைக் கொடுத்து, நடுவில் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டார். "திரைக்கு அந்தப் பக்கம் அனாவசியமா வரக் கூடாது. லேடீஸ் இருக்காங்க," என்றார். போகவில்லை. பல நாட்கள் அந்தத் திரையின் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிக்கல் குளிப்பாட்டுவதில் தொடங்கியது. கையில் மருந்து ஏற்ற ஊசி சொருகிக் கட்டியிருந்தார்கள், அது நனையக் கூடாது. மகள் என் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றாள். வீட்டில் எப்போதும் அம்மாதான். நான் கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் இரண்டு பேரும் குளியலறை வாசலில் நின்று அழுதோம். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கையில் வாளியோடு வந்தார்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க. பாப்பா கூச்சப்படுது. நான் ஊத்தி வுடுறேன்," என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகளின் ஊசிக் கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, உள்ளே அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மகளின் முகத்தில் பவுடர் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் ஆரம்பாக்கம். எங்கள் ஏரிக்கே மேற்குக் கரை. "நீங்க ஏரிக்கு அந்தாண்ட, நாங்க இந்தாண்ட. நடுவுல தண்ணிதானே," என்று அவர் சொன்னபோது, அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. கணவர் விவசாயக் கூலி. ஒரே பையன், பத்து வயது. பையனுக்கு என் மகளுக்கு வந்த அதே நோய். வைத்தியம் முழுவதும் முடிந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவனுக்குத் திரும்ப வந்துவிட்டது. திரும்ப வந்தால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பையன் சிடுசிடுப்பானவன். லூடோ ஆடினால் கட்டையைத் திருப்பி வைத்து ஏமாற்றுவான், கண்டுபிடித்துவிட்டால் பலகையைத் தட்டிவிடுவான். என் மகளின் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தபோது, "எனக்கு ரெண்டு தபா கொட்டிச்சு. நீ ஒரு தபாக்கே அழுவுறியே," என்றான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து இருவரும் கட்டிலுக்குக் கட்டில் கத்திப் பேசிக்கொள்வார்கள். ஆரம்பாக்கத்தம்மாவை என் மகள் அத்தை என்றாள். பையன் என்னை மாமா என்றான். தன் அப்பாவை அவன் நைனா என்பான். என் மகளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். யாராவது ஒருவர் "நைனா" என்று கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு அப்பாக்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்போம். அவரால் ஞாயிறு மட்டும்தான் வர முடியும்.

நான் அந்த அம்மாவிடம் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுவது, தோல் உரிக்கிற பழம் மட்டும் கொடுப்பது, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைப்பது, வாய்க்குள் டார்ச் அடித்துப் புண் பார்ப்பது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த அந்த மாதத்தில் என் மகள் வேறு பிள்ளையாகிவிட்டாள். முகம் உப்பி, கண் சிறுத்து, ஓயாத பசி. கருவாட்டுக் குழம்பு வேண்டும், இப்போதே வேண்டும் என்று என் முகத்தில் அறைவாள். வார்டே பார்க்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குவேன். "அது பாப்பா இல்லண்ணா, மாத்திர. நிறுத்துனா சரியாப் பூடும்," என்பார் அந்த அம்மா, திரையை விலக்காமலே.

ஊரில் என் மனைவி ஒரு காலையில் மடவை மீன் குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, தன் உடன்பிறந்தவனான என் மச்சானிடம் கொடுத்தனுப்பினாள். படகு, பஸ், ரயில் எல்லாம் மாறி மதியம் வந்து சேர்ந்தது. வெளிச் சாப்பாடு கூடாது, அதிலும் நேரமாகி வந்ததைக் கொடுக்கவே கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். மகள் அந்தத் தூக்கைப் பார்த்து வீறிட்டாள். வாசல் மரத்தடியில் மச்சானும் நானும் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனைவியிடம், பிள்ளை சாப்பிட்டது என்று சொல்லச் சொன்னேன். மச்சான் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன். அவள் அதற்குப் பிறகு எதுவும் செய்து அனுப்பவில்லை.

வீடியோ காலில் அம்மாவிடம் பேச மகள் மறுத்துவிட்டாள். "அவங்களுக்குத் தம்பிதான் வேணும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போனை நான் என் பக்கம் திருப்பினால், அங்கே மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பால் கட்டிய மார்போடு உட்கார்ந்திருப்பாள். "அவ முதுகயாச்சும் காட்டுயா," என்பாள். காட்டுவேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

மருந்து நோயை மட்டும் கொல்வதில்லை, ரத்தத்தையே வற்றவைத்துவிடும். இரண்டாவது மாதம் ஒரு காலையில் மகளின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவள் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். அவள் வகை பி நெகட்டிவ். எளிதில் கிடைக்காத வகை. ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்த கொஞ்சமும் தீர்ந்துவிட்டிருந்தது. ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

குப்பத்துக்குச் சொன்னேன். வலைக்குப் போவதை விட்டுவிட்டு ஆண்களும் பெண்களும் ஒரு வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். ஏரிச் சேறு காயாத கால்களோடு சிலர். எல்லோருடைய ரத்தத்தையும் பார்த்ததில் மச்சான் ஒருவனுடையது மட்டும் சேர்ந்தது. மற்றவர்களும் திரும்பிப் போகவில்லை. வேறு பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுத்தான் வேன் ஏறினார்கள். மச்சான் கொடுத்தது சில நாளைக்குத் தாங்கியது. பிறகு மறுபடி மூக்கு. இன்னும் ஆள் வேண்டும் என்று மச்சான் போனில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். பழவேற்காட்டு மீன் ஏலக்காரர்கள் அதை ஊர் ஊராகத் தட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் தெற்குக் குப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறும் மாதங்களில் இறால் ஓடும் இடங்கள் சில உண்டு. எந்தக் குடும்பம் எப்போது எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஓர் இடம் எங்கள் பாட்டில் வருகிறதா அவர்களுடையதில் வருகிறதா என்று எங்களுக்கும் தெற்குக் குப்பத்துக்கும் நெடுநாள் தகராறு. மகளுக்கு நோய் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அது கைகலப்பானது. படகுக்குப் படகு தாவி அடித்துக்கொண்டோம். அவர்கள் வலையை எங்கள் ஆட்கள் கிழித்தார்கள். அவர்களில் ஒருவன் படகு தள்ளும் கழியால் என் சித்தப்பா மகனின் தோளில் அடித்தான். அந்தக் கை இன்றுவரை தலைக்கு மேல் உயராது. அடித்ததை நேரில் பார்த்தவன் நான். வழக்கில் அவனுக்கு எதிரான சாட்சியும் நான்தான்.

மச்சான் செய்தி அனுப்பிய மறுநாள், ஆள் வந்திருக்கிறது என்று ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். கீழே போனேன். சாய்வு நாற்காலியில் கையை நீட்டிப் படுத்திருந்தவன், கழியால் அடித்த அந்தத் தெற்குக் குப்பத்துக்காரன். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் திரும்ப அதே ஆளுக்கு ஏற்றும் இயந்திரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தை இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வாசலிலேயே நின்றேன். போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அந்தப் பையில் மஞ்சளாகச் சேர்ந்துகொண்டிருந்தது என் மகளுக்குப் போக வேண்டியது. பக்கத்தில் போய், "உனக்குன்னு ஜூஸ் வாங்கியாந்தேன்," என்றேன்.

"வேணாம்."

"டிபனாச்சும்..."

"நாஸ்தாலாம் துன்னுட்டுதான் வந்தேன். நீ போ."

நான் போகவில்லை. அவனே பேசினான், கூரையைப் பார்த்தபடி.

"தோ பாரு. எனக்கும் பொண்ணு இருக்குது. புள்ளைக்குக் குடுக்குறேன். உனக்கு இல்ல."

"சரி."

"பாடு விசயம் வேற. அது எங்க எடந்தான். கேஸுல நீ பாத்தத சொல்லு. நான் இதுக்கு வந்தேன்னு நீ எதுனா மாத்திச் சொன்னேன்னு வெச்சிக்க, அது எனக்குத்தான் அசிங்கம்."

"சரி," என்றேன் மறுபடியும். அவன் எழுந்து, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போனான். அதன் பிறகும் அவன் வந்தான், கூப்பிட்ட போதெல்லாம். ஒவ்வொரு முறையும் மச்சானிடம்தான் பேசுவான். என்னைக் கண்டால் தலையைக்கூட அசைக்க மாட்டான். மேலே வார்டில் மஞ்சள் திரவம் சொட்டுச் சொட்டாக மகளின் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இது யாருது நைனா?" என்று கேட்பாள். "ஒரு மாமாது," என்பேன்.

ஆரம்பாக்கத்துப் பையனுக்கு அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணமாகத்தான் தெரிந்தது. லூடோவில் என் மகளிடம் தோற்றான், பலகையைத் தட்டிவிடவில்லை. அதைப் பார்த்து அவன் அம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, "மாமா, என் போன சார்ஜு போட்டு வையி," என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் படகு ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. நிஜப் படகு அப்படித் திரும்பாது என்று நான் சொன்னதற்காக என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தவன்.

அங்கே பெற்றவர்களைச் சில வேளைகளில் மட்டும்தான் உள்ளே விட்டார்கள். மற்ற நேரத்தில் அந்த அம்மா எங்கள் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். வழக்கம்போல மகளைக் குளிப்பாட்டினார். வழக்கம்போல வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் வேண்டாமென்று தடுத்தேன். "சும்மா உக்காந்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும்ண்ணா. செய்ய வுடுங்க," என்றார்.

ஒரு மதியம், சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரை அவசரமாக அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது பையனின் அப்பாவும் கூட இருந்தார். அவர் கையில் பையனின் செருப்பு இருந்தது. அந்த அம்மா படுக்கை விரிப்பை உதறி மடித்தார். வாளி, தட்டு, லூடோ பலகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். போனைக் கொடுத்தேன். சார்ஜ் முழுதாக ஏறியிருந்தது. வாங்கிக்கொண்டு, எங்கள் கட்டிலைக் கடக்கும்போது இந்தப் பக்கம் பார்க்காமலே போனார். மகள் "அத்தை" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்தார். கதவருகில் நின்றுகொண்டு என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"அண்ணா, நாளைக்கு அவளுக்கு முதுகுல ஊசி. காலைல ஒண்ணும் குடுத்துடாதீங்க. வெறும் வயிறா இருக்கணும். மறந்துடப் போறீங்க."

"மறக்க மாட்டேன்மா," என்றேன். அவர் போய்விட்டார். நான் நன்றி என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை. அன்று சொல்லியிருக்கவும் முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த வாசலில் நின்றுகொண்டு என் பிள்ளையின் வயிற்றைப் பற்றி நினைத்தவருக்கு எந்தச் சொல்லைச் சொல்வது?

மகளுக்கு ஒரு வாரம் எதையும் சொல்லவில்லை. அவளே ஒருநாள், அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை வந்து படுத்ததைப் பார்த்துவிட்டு, "அவன் செத்துட்டானா நைனா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நானும் செத்துருவனா?" என்றாள். மாட்டாய் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்து, கடுமையான கட்டம் தாண்டி, இனி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம், மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். படகு கரையை நெருங்கியபோது குப்பமே நின்றிருந்தது. மாஸ்க்கோடு, தலையில் துணி கட்டிக்கொண்டு இறங்கியவளை என் மகன் பார்த்து அலறினான். அவனுக்கு அவள் யாரோ. மனைவி மணலில் மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். மகள் என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். மனைவி கையை மடக்கிக்கொண்டு எழுந்து, "சரி, வெயில்ல நிக்க வேணாம், இட்டுக்கினு வா," என்றாள். மகள் அம்மாவிடம் படுக்கப் போனது வெகுநாள் கழித்துத்தான். அதுவும் எனக்குக் காய்ச்சல் வந்து என்னிடம் நெருங்கக் கூடாது என்று ஆனபோது.

நான் இல்லாத மாதங்களில், பாடு முறையில் எனக்கு விழுந்த நாட்களில் பங்காளிகள் வலை கட்டி, என் பங்கை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து ஒரு முஸ்லிம் வீட்டுக்காரர்கள், எங்களிடம் இறால் வாங்குகிறவர்கள், வாராவாரம் குழந்தைக்குப் பால்பவுடர் அனுப்பியிருந்தார்கள். எங்கள் அம்மன் காப்பாற்றியது என்றார்கள் சிலர். எங்கள் வேண்டுதல் என்றார்கள் சிலர். தர்காவில் மந்திரித்த கயிறு என்றார் ஒருவர். எல்லோரும் வந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் மனைவி டீ கொடுத்து, பிள்ளையைத் தொடாதீர்கள் என்று சொல்லி, சிலரின் முகம் சுருங்கியதையும் தாங்கிக்கொண்டாள். ஒரு சாயங்காலம் வந்தவர்களெல்லாம் போன பிறகு பாத்திரங்களை எறிந்தாள்.

"எல்லாருக்கும் கும்பிடு போட்டுப் போட்டு கை வலிக்குதுயா. நல்லவங்கதான். இல்லன்னு சொல்லல. ஆனா என் புள்ள செத்துப் பொழைச்சு வந்துக்கீது, நான் ஒரு மூலைல உக்காந்து அழுவக்கூட வுட மாட்டேன்றாங்க. சிரிச்சிக்கினே இருக்கணுமா நானு?"

"அழு," என்றேன். அழுதாள்.

பிறகு ஒருநாள் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். கூண்டுக்கு எதிரே தெற்குக் குப்பத்துக்காரன் நின்றிருந்தான். போகும் முன்பே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். "அவன் ரத்தம் உன் வூட்டுல ஓடுது. நீ இன்னா சொல்லுவியோ," என்று சித்தப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் பார்த்ததைச் சொன்னேன். கழி எப்படி உயர்ந்தது, எங்கே விழுந்தது, பிடித்திருந்தது யார் கை. சொல்லும்போது என் கண் அவனுடைய வலது முழங்கையின் உள்பக்கத்தில்தான் இருந்தது. ஊசி போட்டுப் போட்டு அந்த இடம் கறுத்திருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தபோது டீக்கடையில் என் பக்கத்தில்தான் நின்றான். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுத் தனித்தனியாக நடந்தோம். வழக்கு இன்னும் முடியவில்லை. இடத் தகராறும் தீரவில்லை. போன இறால் பருவத்தில் எங்கள் வலை ஒன்றை அறுத்துவிட்டார்கள். அது அவன் வேலையா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

மகளுக்கு முடி வளர்ந்து ரிப்பன் கட்டுகிற அளவு வந்ததும் மனைவி சொன்னாள், "அந்த ஆரம்பாக்கத்தம்மாவ நான் பாக்கணும்." வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மறுக்க முடியவில்லை. ஏரியைக் கடந்து, பொன்னேரியில் ரயில் ஏறி, ஆரம்பாக்கத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனோம். ஓட்டு வீடு. வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சுவரில் பையனின் போட்டோ, முடியுள்ள காலத்தில் எடுத்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

மனைவி அவர் காலில் விழுந்தாள். அவர் பதறி, "அய்யோ, இன்னா இது, எழுந்திரு," என்று தூக்கினார். மகள் அத்தை என்று ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முடியைத் தொட்டார், ரிப்பனைச் சரிசெய்தார். எங்களுக்கு மோர் கொடுத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையைச் சொன்னாள், அவர் உம் கொட்டிக் கேட்டார். கிளம்பும்போது மனைவியும் மகளும் முன்னால் போக, என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. இனிமே பாப்பாவ இட்டுக்கினு வராதீங்க. நல்லா இருக்கணும், அதுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது. நான் தெனமும் கேட்டுக்குறேன். ஆனா என்னால பாக்க முடியல. ஒவ்வொரு தபாவும் டெஸ்ட்டு முடிஞ்சா போன்ல சொல்லுங்க. அது போதும்."

ரயிலில் வரும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எளாவூர் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நானா இருந்தா கதவையே தொறந்திருக்க மாட்டேன்யா."

இப்போது மகள் மூன்றாம் வகுப்பு. மாத்திரை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இன்னும் சில வருடங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அவள் மூக்கைச் சிந்தினால் வீட்டில் எல்லோரும் ஓடிப்போய், ரத்தம் இருக்கிறதா என்று துணியைப் பார்க்கிறோம். சென்னைக்குப் போய் டெஸ்ட்டுக்கு அவள் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வரும்வரை நானும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சண்டை வரும். ரிப்போர்ட் வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஆரம்பாக்கத்துக்குப் போன் போடுவேன்.

"இந்த தபாவும் ஒண்ணும் இல்லமா. நல்லாக்கீது."

"சரிண்ணா," என்பார். வைத்துவிடுவார்.

"இன்னா சொன்னாங்க?" என்று மனைவி கேட்பாள்.

"சரின்னாங்க," என்பேன். பிறகு ரயிலைப் பிடிக்க மூவரும் நடக்க ஆரம்பிப்போம்.